ஃபுட்பால் புக் எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? கடலூர் ரசிகருக்கு ஒரு பதில்

கேள்வி: வணக்கம் மேடம். கடலூர் சிப்காட்ல ஷிப்ட் வேலை பாக்கறேன். சின்ன வயசுலேர்ந்து ஃபுட்பால் பைத்தியம், நாட்டுக்கு அர்ஜென்டினா, கிளப்புக்கு லிவர்பூல். ராத்திரி ஒன்றரை மணி மேட்ச்சா இருந்தாலும் விடமாட்டேன். ஆனா காலேஜ் முடிச்சதுக்கப்புறம் புக்னு ஒண்ணத் தொட்டதில்ல. போன மாசம் ஒரு பெரிய பிளேயரோட சுயசரிதை ஆன்லைன்ல வாங்குனேன், நாப்பது பக்கம் தாண்டல. நல்ல ஃபுட்பால் புக் எதெது, எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்? இங்கிலீஷ் சுமாரா வரும். அண்ணன் பொண்ணு ஒம்பதாவது படிக்குது, ஸ்கூல் டீம்ல ஆடுது, அதுக்கும் ஏதாவது சொல்லுங்க.

பதில்:

தம்பி, நாப்பது பக்கத்துல நின்னது உங்க தப்பு இல்ல. நான் பாண்டில ஒரு காலேஜ் லைப்ரரில வேலை பாக்கறவ, ஸ்போர்ட்ஸ் ஷெல்ஃப் என் பொறுப்புலதான் இருக்கு, ஸ்டார் பிளேயர் சுயசரிதைன்னா பசங்க அடிச்சு புடிச்சு எடுத்துட்டு போவாங்க, ரெண்டே நாள்ல திரும்பி வரும். பொரட்டிப் பாத்தா முதல் முப்பது பக்கம் விரல் பட்டு பழுப்பேறியிருக்கும், நடுவுல ஃபோட்டோ பக்கம் பிரிஞ்சு தொங்கும், அதுக்கப்புறம் மொடமொடன்னு அச்சாபீஸ் வாசனையோட அப்படியே கிடக்கும். இந்த மாதிரி புக்க பெரும்பாலும் பிளேயர் உக்காந்து எழுதறதில்ல, ஒரு பத்திரிகைக்காரர் அவர்கிட்ட பேசி எழுதிக் குடுக்கறதுதான், அதுவும் ஆளு இன்னும் ஆடிக்கிட்டே இருப்பாரு, கான்ட்ராக்ட் இருக்கு, ஸ்பான்சர் இருக்கான், கோச்ச பத்தி வாய் தொறக்க முடியாது, அப்புறம் எங்கேர்ந்து சுவாரசியம் வரும். விதிவிலக்கு மாரடோனா, அவரோட எல் டியேகோ 2000ல ஸ்பானிஷ்ல வந்துச்சு, அந்தாளுக்கு யார் தயவும் வேணாம், பழைய பகையெல்லாம் பேர் சொல்லி திட்டி தீர்த்திருப்பாரு. அர்ஜென்டினா ரசிகரா இருந்துட்டு அத படிக்காம இருக்காதீங்க. ஆனா முதல்ல அது வேணாம்.

இத்தன வருஷமா அந்த ஷெல்ஃபோட மல்லுக்கட்டினதுல எனக்கு படறது என்னன்னா, ஃபுட்பால்ல நல்ல புக் எல்லாம் தோத்தவங்கள சுத்திதான் இருக்கு. ஜெயிச்சவன் கதை உங்களுக்கு ஏற்கனவே தெரியும், கப்ப தூக்கறத நூறு தடவ ஹைலைட்ஸ்ல பாத்தாச்சு, அத எழுத்துல படிச்சா என்ன புதுசா கிடைக்கப்போவுது. தோத்தவன் மறுநாள் காலைல எழுந்து கடைக்கு பால் வாங்க போவான் பாருங்க, அத எந்த கேமராவும் எடுக்காது, அதுக்குதான் புக் வேணும்.

அதனால முதல் புக், எதுவாயிருந்தாலும், எட்வர்டோ கலியானோ எழுதுன சாக்கர் இன் சன் அண்ட் ஷேடோ. உருகுவே எழுத்தாளர், 1995ல ஸ்பானிஷ்ல எழுதுனது, இங்கிலீஷ்ல சுலபமா கிடைக்குது. இதத்தான் முதல்ல சொல்றதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பக்கம் ரெண்டு பக்கம்தான், ஷிப்ட் நடுவுல டீ பிரேக்ல ஒண்ண முடிச்சிடலாம், எங்க விட்டோம்னு தேட வேணாம், நடுவுல பொரட்டியும் ஆரம்பிக்கலாம். ரெண்டாவது, மனுஷன் பெரிய பந்தா எதுவும் இல்லாம எழுதுவாரு, நான் அருமையா ஆடுவேன், ஆனா ராத்திரி தூங்கும்போது மட்டும்தான்னு தன்னையே கிண்டல் பண்ணிக்கிட்டுதான் ஆரம்பிக்கிறாரு. அதுல ஆல்பெர் காம்யூ பத்தி ஒரு குட்டி அத்தியாயம் இருக்கு. பாண்டில அந்த பேரு தெரியாத வாசகர் குறைவு, அந்நியன்ங்கற பிரெஞ்சு நாவல் எழுதுனவரு. அல்ஜீரியாவுல ஏழை வீட்டுப் பையன், கோல்கீப்பரா ஆடுனாரு, ஏன்னா அந்த இடத்துல நின்னா ஷூ சீக்கிரம் தேயாது. தினம் ராத்திரி பாட்டி ஷூவோட அடிப்பக்கத்த திருப்பி பாப்பாங்களாம், தேஞ்சிருந்தா அடி. நம்ம ஊர்ல பேட்டா செருப்பு தேயுதுன்னு கிரவுண்டு ஓரத்துல கழட்டி வெச்சுட்டு வெறுங்கால்ல ஆடுன எத்தனையோ பேருக்கு இது சொல்லாமலே புரியும்.

அதே புக்ல 1950 வேர்ல்டு கப் பத்தியும் வரும். ரியோ மரக்கானா ஸ்டேடியம், கடைசி மேட்ச், பிரேசிலுக்கு டிரா போதும், உள்ள டிக்கெட் கணக்குலயே 1,73,850 பேர், உருகுவே 2-1னு ஜெயிச்சிருச்சு. ஜெயிச்ச கேப்டன் ஒப்துலியோ வரேலா அன்னிக்கு ராத்திரி என்ன பண்ணாருன்னா, ரியோல பாருக்கு பார் போயி, அழுதுக்கிட்டு இருந்த பிரேசில்காரங்க தோள்ல கை போட்டுக்கிட்டு விடிய விடிய பீர் குடிச்சிருக்காரு, யாருக்கும் அவர அடையாளம் தெரியல.

இந்த ஒரு மேட்ச்ச புடிச்சுக்கிட்டு அடுத்த புக்குக்கு போங்க, அலெக்ஸ் பெல்லோஸ் எழுதுன ஃபுட்டெபோல், 2002ல வந்தது, ஒரு இங்கிலாந்து பத்திரிகைக்காரர் பிரேசில்ல தங்கி நாடு முழுக்க சுத்தி எழுதுனது. கலியானோ ரெண்டு பக்கத்துல தொட்டுட்டு போனத இவரு உக்காந்து தோண்டுவாரு. அந்த மேட்ச்ல பிரேசில் கோல்கீப்பர் மொவாசிர் பர்போசா. 79வது நிமிஷம் உருகுவேயோட கிஜ்ஜியா வலது பக்கமா ஓடி வர்றாரு, இதுக்கு முன்னாடி அதே மாதிரி வந்து கோல் முன்னாடி நின்ன ஆளுக்கு கிராஸ் குடுத்துதான் முதல் கோல் விழுந்துச்சு, அதனால பர்போசா கிராஸ் வரும்னு ஒரு அடி முன்னாடி வெச்சாரு, கிஜ்ஜியா அவருக்கும் பக்கத்து போஸ்ட்டுக்கும் நடுவுல இருந்த சந்துல அடிச்சுட்டாரு. அந்த ஒரு அடிக்கு அந்தாளு வாழ்க்கை முழுக்க பதில் சொன்னாரு. இருபது வருஷம் கழிச்சு ஒரு கடையில ஒரு அம்மா தன் பையன்கிட்ட அவர காட்டி, இவர்தான்டா பிரேசில் மொத்தத்தையும் அழ வெச்சவருன்னு சொல்லியிருக்காங்க. 1993ல பிரேசில் டீம் பிராக்டிஸ் பண்ற இடத்துக்கு பாக்க போனா ராசி இல்லைன்னு உள்ளயே விடல. இந்த நாட்டு சட்டத்துல பெரிய தண்டனையே முப்பது வருஷம்தான், நான் அம்பது வருஷம் அனுபவிச்சாச்சுன்னு சொல்லிட்டு 2000ல செத்துப்போனாரு.

இன்னொரு விஷயம் அந்த புக்ல, எனக்கு ரொம்ப புடிச்சது. அது வரைக்கும் பிரேசில் ஜெர்சி வெள்ளை கலரு. தோத்ததும் அந்த கலரே வேணாம்னு ஒரு பத்திரிகை 1953ல போட்டி வெச்சுச்சு, கொடியில இருக்கற நாலு கலரும் வரணும்னு கண்டிஷன். இருபது வயசு கூட ஆகாத அல்திர் ஷ்லீங்கற பையன் வரைஞ்சு அனுப்புன மஞ்ச ஜெர்சிதான் இன்னிக்கு தேவனாம்பட்டினம் பீச்சுல பசங்க போட்டுக்கிட்டு திரியறது. அந்தப் பையன் உருகுவே பார்டர் ஓரத்து ஊர்க்காரன், அவன் சப்போர்ட் பண்ணது உருகுவேக்கு! பெல்லோஸ் அவரத் தேடி போயி பேசியிருக்காரு, பிரேசிலுக்கு பரம எதிரி அர்ஜென்டினாவோட ரசிகரான உங்களுக்கு இந்த இடம் ஸ்பெஷலா இனிக்கும்.

அடுத்து நிக் ஹார்ன்பி, ஃபீவர் பிட்ச், 1992. இது பிளேயர் பத்தின புக் இல்ல, ரசிகன பத்தின புக், அதாவது உங்கள பத்தி. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலைப்போட ஒரு மேட்ச்சும் அதோட தேதியும் இருக்கும். 1968ல அப்பா அம்மா பிரிஞ்ச பிறகு பதினோரு வயசுப் பையன அப்பா ஆர்சனல் மேட்ச்சுக்கு கூட்டிட்டு போறாரு, பையன் கிரவுண்ட பாக்காம சுத்தி இருந்த பெரியவங்க மூஞ்சியத்தான் பாக்கறான், காசு குடுத்து வந்துட்டு ஒருத்தர் விடாம திட்டிக்கிட்டே உக்காந்திருக்காங்க, இவ்ளோ கடுப்போட ஏன் வராங்கன்னு ஆச்சரியமா இருக்கு, அன்னிலேர்ந்து இவனும் அதுல ஒருத்தன். லிவர்பூல்காரரான உங்களுக்கு ஒரு எச்சரிக்கை, அந்த புக் போயி உச்சத்துல நிக்கறது 1989 மே 26, லிவர்பூலோட ஆன்ஃபீல்டு கிரவுண்டு. ஆர்சனல் ரெண்டு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சாதான் லீக் அவங்களுக்கு, ஒண்ணு அடிச்சாச்சு, கடைசி நிமிஷத்துல மைக்கேல் தாமஸ் ரெண்டாவது அடிக்கறாரு. ஹில்ஸ்பரோ ஸ்டேடியம் நெரிசல்ல லிவர்பூல் ரசிகர்கள் செத்துப்போயி ஆறு வாரம்கூட ஆகல அப்போ, அத மனசுல வெச்சுக்கிட்டு படிங்க. வயிறு எரியும், ஆனா எதிராளி ரசிகனுக்கும் நமக்கும் ஒரே வியாதிதான்னு புரியும்போது சிரிப்பும் வரும். இங்கிலீஷ் கொஞ்சம் லண்டன் பேச்சு வழக்கு, அதனால ரெண்டாவது மூணாவதா எடுங்க.

மேட்ச்ச உத்துப் பாக்கறவருன்னா, அதாவது டீம் லிஸ்ட் வந்ததும் ஃபார்மேஷன் என்னன்னு சண்ட போடற ஆளுன்னா, ஜோனதன் வில்சனோட இன்வர்ட்டிங் த பிரமிட், 2008. டாக்டிக்ஸோட வரலாறு, அதாவது யார எங்க நிக்க வெச்சு எப்படி ஆடறதுங்கறது. ஆனா முதல் பக்கத்துலேர்ந்து வரிசையா போகாதீங்க, மாட்டிக்குவீங்க. நேரா ஹங்கேரி வர்ற இடத்துக்கு போங்க. 1953 நவம்பர் 25, வெம்ப்ளி, இங்கிலாந்து 3 ஹங்கேரி 6. அப்போ நம்பர் பாத்துதான் மார்க் பண்ணுவாங்க, எதிராளி 9ம் நம்பர்னா அவன் நம்ம கோல் முன்னாடி நிப்பான், நம்ம டிஃபென்ஸ் நடுவுல நிக்கற சென்டர் ஹாஃப் அவன ஒட்டிக்கணும், அவ்ளோதான் வேலை. ஹங்கேரியோட 9ம் நம்பர் ஹிடெக்குட்டி அங்க நிக்கவே இல்ல, பின்னாடி மிட்ஃபீல்டுல இறங்கி நின்னுட்டாரு. இங்கிலாந்து சென்டர் ஹாஃப் ஹாரி ஜான்ஸ்டன் பாடு திண்டாட்டம், அவர் பின்னாடி போனா நம்ம டிஃபென்ஸ் நடுவுல பெரிய ஓட்டை, போகலன்னா ஹிடெக்குட்டிய புடிக்க ஆளே இல்ல. மொத நிமிஷத்துலயே ஹிடெக்குட்டி கோல், மொத்தம் மூணு, ஹாட்ரிக். இத படிச்சுட்டு யூடியூப்ல பழைய ஹைலைட்ஸ் பாருங்க, அப்புறம் 2009 மே 2, பெர்னபெயுல பார்சிலோனா ரியல் மாட்ரிட்ட 6-2ன்னு அடிச்ச மேட்ச்ச போட்டு பாருங்க, பார்சிலோனா கோச் கார்டியோலா மெஸ்ஸிய நடுவுல இறக்கி விட்டதும் ரியல் டிஃபெண்டருங்க மெட்ஸெல்டரும் கன்னவாரோவும் யார மார்க் பண்றதுன்னு தெரியாம நிப்பாங்க. ஜான்ஸ்டன் நின்ன அதே நிலைதான். நீங்க மெஸ்ஸிய ரசிச்சது ஒரு பங்குன்னா இதுக்கப்புறம் ரெண்டு பங்கு ரசிப்பீங்க. வில்சன் அர்ஜென்டினாவுக்குன்னே தனியா ஒரு புக் எழுதியிருக்காரு, ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ், 2016, ஃபுட்பாலும் அந்த நாட்டு அரசியலும் பின்னிக் கிடக்கும், தடியான புக், இதுல பழகிட்டு அங்க போங்க.

நம்ம நாட்டு ஃபுட்பாலுக்கு நோவி கபாடியா எழுதுன பேர்ஃபூட் டு பூட்ஸ், 2017. டெல்லிக்காரர், கமெண்டரியும் சொல்லுவாரு, 2021ல தவறிட்டாரு. இந்தியாவுல ஃபுட்பாலே இல்லைன்னு பேசறவங்கள பாத்தா எனக்கு இந்த புக்க தூக்கி தலையில போடணும் போல இருக்கும். 1951லயும் 1962லயும் ஆசிய விளையாட்டுல தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ்ல நாலாவது இடம், இதெல்லாம் நம்ம டீம் பண்ணதுதான். அத விட எனக்கு புடிச்சது 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ். சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் கூட ஆகல, பாதிக்கு மேல வெறுங்கால்ல ஆடறாங்க, எதிராளி பிரான்ஸ். ரெண்டு பெனால்டி கிடைக்குது, ரெண்டும் போச்சு. சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டு சமன் பண்றாரு, மேட்ச் முடியப் போற நேரத்துல பிரான்ஸ் ஒண்ணு போட்டு 2-1. அந்த தேதில பாண்டிச்சேரி பிரான்ஸ் கைல இருக்கு, 1954 நவம்பர் 1 அன்னிக்குதான் இந்தியா கைக்கு வந்துச்சு. அப்போ ரேடியோவுல ஸ்கோர் கேட்டிருந்தா எங்க ஊர்க்காரங்க எந்தப் பக்கம் கை தட்டியிருப்பாங்கன்னு நான் பல தடவ யோசிச்சிருக்கேன். இப்பவும் பிரான்ஸ் ஃபைனல் ஆடுனா ஒயிட் டவுன்ல மூணு கலர் கொடிய பாக்கலாம், நீங்களே 2022 ஃபைனல் அன்னிக்கு இங்க வந்திருந்தா அர்ஜென்டினா ஜெர்சிய பைக்குள்ள வெச்சுக்கிட்டு நடந்திருப்பீங்க.

ரெண்டு புக்க தலைப்ப பாத்து ஏமாந்து வாங்கிடாதீங்க. பெனால்டி கிக் நேரத்துல கோல்கீப்பருக்கு வர்ற பயம்னு தலைப்புல பீட்டர் ஹாண்ட்கே ஒரு நாவல் எழுதியிருக்காரு, நோபல் வாங்குனவரு, நல்ல நாவல்தான், ஆனா ஒரு பழைய கோல்கீப்பர் கொலை பண்ணிட்டு அலையற கதை, ஃபுட்பாலுக்குன்னு எடுத்தா கடுப்பாயிடுவீங்க. அதே மாதிரி போலந்து பத்திரிகைக்காரர் கபுசின்ஸ்கியோட த சாக்கர் வார், 1969ல எல் சல்வடாரும் ஹோண்டுராஸும் போட்ட நிஜப் போர் அதுல ஒரு பகுதிதான், மீதியெல்லாம் ஆப்பிரிக்கா, புரட்சி, பத்திரிகை வேலை. சாக்கர்னாமிக்ஸ் நம்பர் புடிச்சவங்களுக்கு, நீங்க அப்படி தெரியல. டேவிட் கோல்ட்பிளாட்டோட த பால் இஸ் ரவுண்ட் 900 பக்கத்துக்கு மேல, ஷெல்ஃப்ல வெச்சுக்கிட்டு தேவப்படும்போது பொரட்டறதுக்கு. ராபர்ட் என்கேங்கற ஜெர்மன் கோல்கீப்பர் பத்தி ரொனால்டு ரெங் எழுதுன புக் அற்புதம், ஆனா அவர் மன அழுத்தத்துல உயிரை விட்டவரு, நைட் ஷிப்ட்ல தனியா உக்காந்து படிக்கற புக் இல்ல, மனசு நல்லா இருக்கற நாள்ல பகல்ல படிங்க.

இங்கிலீஷ் பத்தி பயப்படாதீங்க. கமெண்டரி இத்தன வருஷம் கேட்டதுல பாதி வார்த்தை உங்க காதுல ஏற்கனவே இருக்கு. வார்த்தைக்கு வார்த்தை டிக்‌ஷனரி பாக்காதீங்க, ஒரு பக்கத்துல எது திரும்பத் திரும்ப வந்து வழி மறிக்குதோ அத மட்டும் பாருங்க. புக் வாங்கறதுக்கு முன்னாடி கடலூர் மாவட்ட மைய நூலகத்துல கேளுங்க, இல்லைன்னா வாங்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு வாங்க, வாசகர் யாரும் கேக்கறதே இல்ல, அதான் வாங்கறதும் இல்ல. பாண்டிக்கு வந்தா ரோமன் ரோலண்ட் லைப்ரரி இருக்கு, ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பழைய புக் குவியல்லயும் சில சமயம் மாட்டும். ரோட்டோரம் விக்கற ஜெராக்ஸ் காப்பிய வாங்காதீங்க, பாதி பக்கம் மங்கலா இருக்கும், நடுவுல பதினாறு பக்கம் காணாம போயிருக்கும்.

உங்க அண்ணன் பொண்ணுக்கு சுசான் ராக் எழுதுன எ வுமன்ஸ் கேம், 2022. முழுசும் வேணாம், பழைய காலத்த சொல்ற பகுதிய நீங்க படிச்சுட்டு அவளுக்கு சொல்லுங்க, அப்புறம் அவளே புடுங்கிப்பா. முதல் உலகப்போர் சமயத்துல பிரெஸ்டன் ஊர்ல வெடிகுண்டு செய்யற ஃபேக்டரில வேலை பாத்த பொண்ணுங்க சேந்து டிக் கெர் லேடீஸ்னு ஒரு டீம் ஆரம்பிக்கிறாங்க, 1920 கிறிஸ்துமஸ் மறுநாள் அவங்க மேட்ச்சுக்கு எவர்ட்டன் கிரவுண்டுல 53,000 பேர் வந்துட்டாங்க. அடுத்த வருஷமே டிசம்பர்ல இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் இது பொண்ணுங்களுக்கு ஒத்துவராத ஆட்டம்னு சொல்லி கிரவுண்டெல்லாம் மூடிருச்சு, தடை நீங்க அரை நூற்றாண்டு ஆச்சு. அந்த டீம்ல லில்லி பார்னு ஒரு லெஃப்ட் விங், டீமுக்கு வரும்போது பதினாலு பதினஞ்சு வயசு, அதாவது உங்க வீட்டுப் பொண்ணு வயசு. கூடவே நம்ம கடலூர் இந்துமதி கதிரேசனோட பேட்டிங்க பேப்பர்ல வந்தத தேடிக் குடுங்க, இந்தியா மிட்ஃபீல்டுல ஆடிக்கிட்டே தமிழ்நாடு போலீஸ்ல சப் இன்ஸ்பெக்டராவும் வேலை பாத்தவங்க, பக்கத்து ஊர் அக்கா பேசறத படிச்சா புள்ளைக்கு இன்னும் ஒட்டும்.

கடைசியா ஒண்ணு, இதெல்லாம் முடிச்சதும் த மிராக்கிள் ஆஃப் காஸ்டெல் டி சாங்ரோ எடுங்க, ஜோ மெக்கின்னிஸ், 1999. இத்தாலில அஞ்சாயிரம் பேர் இருக்கற மலையூர், அந்த ஊர் டீம் 1996ல இரண்டாவது டிவிஷனுக்கு ஏறிருச்சு, ஒரு அமெரிக்க எழுத்தாளர் அங்கயே போயி ஒரு சீசன் முழுக்க குடியிருந்து எழுதுனது. நடுவுல ரெண்டு பிளேயர் கார் விபத்துல செத்துப் போறாங்க, ஒருத்தன போலீஸ் புடிச்சுட்டு போவுது, இவரு வெளியூர்க்காரரா இருந்துக்கிட்டு கோச்சுக்கே டீம் செலக்‌ஷன் சொல்லித் தராரு, எரிச்சலா வரும். சீசன் கடைசி மேட்ச்ல என்ன நடக்குதுன்னு சொல்ல மாட்டேன். படிச்சு முடிச்சதும் எனக்கு ஒரு லைன் எழுதுங்க, உங்களுக்கு கோவம் அந்த எழுத்தாளர் மேல வந்துச்சா பிளேயருங்க மேலயான்னு. இங்க ஸ்டாஃப் ரூம்ல இத வெச்சு ரெண்டு கட்சியா பிரிஞ்சு இன்னும் சண்ட ஓடிக்கிட்டுதான் இருக்கு.